ஜப்பான் குஸ்தியும் நிற்காத இரத்தமும்

முதலில் வந்தவை புள்ளிகள். இரண்டு கெண்டைக்காலிலும் சிவப்பாக, கடுகு தூவினது போல. அரபு நாட்டில், எங்கள் ஜெபல் அலி தொழிலாளர் கேம்பில் யார் காலைப் பார்த்தாலும் அப்படித்தான் இருக்கும். மூட்டைப்பூச்சி. நானும் மெத்தையை வெயிலில் போட்டேன். கட்டில் காலுக்கு மண்ணெண்ணெய் விட்டேன். பூச்சி ஒன்றும் அகப்படவில்லை. புள்ளி கூடிக்கொண்டே போனது.

ஒன்றைக் கவனிக்காமல் விட்டேன். அவை அரிக்கவில்லை. இதைப் படிக்கிற யாருக்காவது அப்படி இருந்தால் பூச்சியைத் தேடாதீர்கள். டாக்டரைத் தேடுங்கள்.

அது எண்பதுகளின் நடுவில். எனக்குக் கம்பி கட்டும் வேலை. ஊர் முதுகுளத்தூர் பக்கம். படிப்பு அஞ்சாவது. ரூமில் இரண்டு பேர் எனக்கு நெருக்கம். கேம்புக்குள் கடை வைத்திருந்த கீழக்கரை சாகுல் பாய், வயதில் மூத்தவர். ஜப்பான் கம்பெனி ஆபீசில் டீ போட்டுக் கொடுக்கிற யாழ்ப்பாணத்துச் சிவம்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து சாப்பாடும் ஆன பிறகு, சிவம் ஒரு வீடியோ கேசட் கொண்டுவந்தான். ஊருக்குப் போன ஜப்பான் இன்ஜினியர் விட்டுப்போனது. டிவியும் டெக்கும் சாகுல் பாயுடையது. ரூம் நிறைய ஆள்.

நம் ஊர்க் குஸ்தி இல்லை. கயிறு கட்டின மேடை. ஒருவன் தாடிக்காரன், மலை மாதிரி. மற்றவன் ஜப்பான்காரன், உருவத்தில் பாதி. தாடிக்காரன் அவனை மேடைக்கு வெளியே இழுத்துப் போட்டு இரும்பு நாற்காலியால் மண்டையில் அடித்தான். பிறகு மேடைக்கே இழுத்துவந்து, இடுப்பிலிருந்து எதையோ உருவி நெற்றியில் குத்தினான். திரும்பத் திரும்ப அதே இடத்தில். இரத்தம் கண்ணை மூடி, மார்பில் இறங்கி, வெள்ளைத் தரையெல்லாம் சிவப்பாகிவிட்டது. நடுவர் நிறுத்தவில்லை. ஜப்பான்காரனும் விழுந்து கிடக்கவில்லை. கயிற்றைப் பிடித்துப் பிடித்து எழுந்தான்.

“சாயம்டா,” என்றார் சாகுல் பாய். “தக்காளி சாஸு. என் கடையிலயே இருக்கு, வேணுமா?”

“உங்களுக்கென்ன விசரோ, பாய்? உது மெய்யான ரத்தம். சாஸ் உப்பிடி வடியுமோ?” என்றான் சிவம்.

என் மேலுதட்டில் சூடாக ஏதோ பட்டது. துடைத்தேன். கை சிவப்பு.

“இங்க பாருடா, மாரிக்கும் அடி விழுந்துருச்சு!” என்று யாரோ என்னைக் காட்டிக் கத்த, ரூமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

குஸ்தி முடிந்தது. என் மூக்கு நிற்கவில்லை. தலையை அண்ணாந்து பிடித்தார்கள். அது தவறு. குனிந்து உட்கார்ந்து, மூக்கின் மெத்தென்ற பகுதியை அழுத்திப் பிடிக்க வேண்டும். இரத்தம் தொண்டையில் இறங்கியது. தலை வலிக்கிறது என்றேன். சாகுல் பாய் கடையிலிருந்து ஆஸ்பிரின் கொண்டுவந்து கொடுத்தார். டூட்டி முடிந்து வந்தால் உடம்பு வலிக்கு நாங்கள் எல்லாரும் போடுகிற மாத்திரைதான். நான் அதைப் பல வாரமாகப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாளும் துண்டு நனைந்தது. ஈறும் கசிந்தது. சாகுல் பாய் கடையைப் பூட்டிவிட்டு என்னை டாக்ஸியில் ஏற்றினார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். அந்த ஜப்பான்காரன் முகமே கண்ணில் நின்றது. அவ்வளவு இரத்தம் போயும் அவன் நடந்துதானே போனான், எனக்கு வெறும் மூக்குதானே என்று மனதைத் தேற்றினேன். தேறவில்லை.

டாக்டர் பாகிஸ்தானி. அவர் உருதுவில் சொல்ல, சாகுல் பாய் எனக்குத் தமிழில் சொன்னார். டாக்டர் ஒரு கண்ணாடித் தம்ளரை என் காலில் வைத்து அழுத்தினார். புள்ளி மறையவில்லை. பூச்சிக்கடி என்றால் அழுத்தும்போது வெளிறுமாம். இது தோலுக்கடியில் கசிந்த இரத்தம்.

இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பிளேட்லெட் (இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள்) அநேகமாக இல்லை. உடம்பே தன் தட்டணுக்களை எதிரி என்று நினைத்து அழிக்கிற நோய். ஏன் வந்தது என்று அவருக்கும் தெரியவில்லை.

குஸ்தி பார்க்கும்போது மூக்கில் வந்தது என்று சாகுல் பாய் சொன்னதும் டாக்டர் முகம் மலர்ந்தது. அவரும் பார்க்கிறவராம். நெற்றியில் இரத்தக் குழாய் அதிகம், சின்னக் கீறலே முகத்தை நனைத்துவிடும் என்றார். சில பேர் தாங்களே பிளேடால் கீறிக்கொள்வார்களாம். இன்னும் ஓடட்டும் என்று முன்கூட்டியே ஆஸ்பிரின் போடுகிறவர்களும் உண்டு என்று பேச்சாம்.

அதைச் சொல்லிக்கொண்டே வந்த சாகுல் பாய் பாதியில் நின்றுவிட்டார். டாக்டர் ஏதோ கேட்டார். பாய் எனக்குச் சொல்லவில்லை. டாக்டர் மறுபடி கேட்டார். நான்தான் கொடுத்தேன் என்று பாய் உருதுவில் சொன்னார். அந்த அளவு எனக்கும் புரியும்.

டாக்டர் திட்டவில்லை. “அந்தக் குஸ்திக்காரனுக்கு அழுத்திப் பிடிச்சா நிக்குமாம். உனக்கு நிக்காதாம். இனிமே அந்த மாத்திரை கூடாதாம்,” என்றார் பாய்.

“இன்னும் ஏதோ சொன்னாரே, பாய்?”

“ஒண்ணுமில்லடா. தலையில இடிச்சுக்காம இருக்கணுமாம்.”

மூளைக்குள் கசிந்தால் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் சொன்னாராம். பாய் தன்னிடம் சொன்னதாகச் சிவம்தான் பிறகு சொன்னான்.

ஆஸ்பத்திரியிலேயே படுக்கவைத்து ஸ்டீராய்டு (உடம்பின் எதிர்ப்பை அடக்கும் மருந்து) கொடுத்தார்கள். அதற்குக் கேட்காவிட்டால் மண்ணீரலை (இடது விலாவுக்கடியில் இருப்பது, தட்டணுக்கள் அங்கேதான் அதிகம் அழிகின்றன) அறுத்து எடுக்க வேண்டும். இரத்தம் உறையாதவனை எப்படி அறுப்பார்கள் என்று கேட்க நினைத்தேன்.

பிரஷ் கூடாது. பிளேடு கூடாது. தும்மல் வந்தால் பயம். லேசாகத் தலை வலித்தாலும் இதுதானோ என்று படுத்திருப்பேன். கண் விழித்ததும் முதலில் தலையணையைப் பார்ப்பேன். வெள்ளையாக இருந்தால்தான் எழுந்து உட்காருவேன்.

சாகுல் பாய் கஞ்சி கொண்டுவருவார். என் முகத்தைப் பார்க்க மாட்டார்.

“நீங்க குடுக்காட்டியும் இது வந்திருக்கும், பாய். டாக்டரே சொன்னாருல்ல.”

“சொன்னாரு. குடுத்தது நான்ல.”

கஞ்சியைக் குடித்தேன்.

மருந்து கேட்டது. தட்டணுக் கணக்கு மெல்ல ஏறியது. புதிதாகப் புள்ளி வரவில்லை. அறுக்க வேண்டாம் என்றார்கள். ஆனால் முகம் பூசணிக்காய் மாதிரி உப்பிவிட்டது. (பயப்பட வேண்டாம். ஸ்டீராய்டு குறையக் குறைய வடியும். நீங்களாக நிறுத்திவிடக் கூடாது.) என்னைக் கூட்டிப்போக வந்த சிவம் வாசலிலேயே நின்றான்.

“ஐயோ பாய், ஜப்பான் குஸ்தியிலயிருந்து ஆள் வந்திட்டுது! இவருக்கு ஒரு நாற்காலி மட்டும் குடுத்திடாதேங்கோ!”

சாகுல் பாய் அன்றுதான் சிரித்தார். சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் கடையில் மாத்திரை கேட்டால், புள்ளி இருக்கிறதா என்று பார்க்க, சட்டையைத் தூக்கு, காலைக் காட்டு என்பார். கேம்பில் அதற்கு அவரைக் கேலி செய்தார்கள். அவர் விடவில்லை.

கொஞ்ச காலம் ஸ்டோரில் உட்கார்ந்து செய்யும் வேலை கொடுத்தார்கள். பிறகு மறுபடி கம்பி வேலை. போன முதல் நாளே கட்டுக்கம்பி முனை பெருவிரலில் ஏறியது. முன்பானால் சப்பித் துப்பிவிட்டு வேலையைப் பார்ப்பேன். அன்று நின்றுவிட்டேன். மற்றக் கையால் அழுத்தினேன். கீழேயிருந்து ஃபோர்மேன், “யல்லா, யல்லா!” என்று அவசரப்படுத்திக் கத்தினார்.

“ஏக் மினிட், சாப்.”

கையை எடுத்தேன். ஒரு துளி எழும்பியது. திரும்ப அழுத்தினேன். வெயில் இருந்தது, கிரேன் சத்தம் இருந்தது, ஃபோர்மேன் ஏணியில் ஏறி வருவது தெரிந்தது. மறுபடி எடுத்தேன். துளி வரவில்லை. இன்னும் கொஞ்சம் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை.

ஊரோடு வந்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. இன்றும் எங்கே கீறினாலும் நின்றுவிடுகிறேன். பஸ் போனால் போகட்டும். இரத்தம் நிற்கிறவரைக்கும் எனக்கு அடுத்த நிமிடம் என்று ஒன்று கிடையாது.