பால் தராத கடாக்கள்

எங்கள் நான்கு கடாக்களையும் பட்டினி போட்டது நீங்கள்தான், சார். மழையின் மேல் பழியைப் போடாதீர்கள்.

பெங்களூரு தொம்மலூரில் ஏரிக்குப் பின்னால் எங்கள் கொட்டகை இருந்தது. பால்காரர்கள் எருமைக் கடாக்கன்றை வைத்துக்கொள்ள மாட்டார்கள். பாலைக் குடித்துவிடும் என்று தள்ளிவிடுவார்கள். அதை நானும் என் வீட்டுக்காரரும் வாங்கி வளர்த்து, சிவாஜிநகர் கறிக்கடைக்காரருக்குக் கொடுப்போம். வரும் பணத்தில் வீட்டுச் செலவு போக மறுபடி கன்று வாங்குவோம். வேறு பிழைப்பு கிடையாது.

கறிக்கு மாடு வளர்க்கும் எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஏரிக்கரைப் புல் கருக ஆரம்பித்தால் கோடை வரட்டும் என்று காத்திருக்க மாட்டோம். உடம்பில் சதை இருக்கும்போதே பாதியை விற்றுவிடுவோம். மிச்சத்துக்கு மார்க்கெட்டில் கொட்டும் கோசு இலையும் கொஞ்சம் தவிடும் போதும். எத்தனையோ கோடையை அப்படித்தான் தாண்டினோம்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு அடுத்தடுத்து மழை பொய்த்ததே, அதில் ஒரு வருஷம் தை மாதமே புல் கருகிவிட்டது. கறிக்கடைக்காரரை வரச் சொல்லி அனுப்பினோம். அந்த வாரம்தான் கால்நடைத் துறை அதிகாரியென்று நீங்கள் வந்தீர்கள். மாடு வளர்ப்பவர்களை எல்லாம் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டு மைக் வைத்துப் பேசினீர்கள். பருவநிலை மாறிவிட்டது, பயந்துபோய் விற்கக் கூடாது, தாங்கி நிற்கப் பழக வேண்டும் என்றீர்கள். நான் எழுந்து, எங்களுடையது கறிக்கு வளர்க்கிற கடா, அதற்கும் தீவனம் உண்டா என்று கேட்டேன்.

"எல்லாத்துக்கும் உண்டும்மா. லாரியில வரும். அவசரப்பட்டு வித்துடாதீங்க."

கடைக்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

லாரி பங்குனியில்தான் வந்தது. கடாக்களை ஓட்டிப்போய் வரிசையில் நின்றோம். டோக்கன் கொடுத்த உங்கள் ஆள் தலையைத் தூக்காமலே கேட்டார். "எத்தனை லிட்டர் கறக்குது?"

பின்னால் நின்ற பால்காரி சும்மா இருப்பாளா. "கீழ சொம்பை வெச்சுப் பாருங்க சார், ஏதாச்சும் வரும்" என்றாள். வரிசையே சிரித்தது. கறவைக்கு மட்டும்தான் ஆர்டர் என்று எங்களை ஓரங்கட்டினார்கள். உங்களைத் தேடி ஆபீசுக்குப் போனோம். மீட்டிங்கில் இருக்கிறார் என்றார்கள். மறுநாள் போனோம். அன்றும் மீட்டிங்.

அதற்குள் மார்க்கெட்டில் கோசு இலைக்கே அடிதடி. ஏரி வெறும் சேறு. எருமைக்கு வெயில் ஆகாது, புரளத் தண்ணீர் வேண்டும். நாங்கள் குளிக்காமல் இருந்து, தெருக்குழாயில் பிடித்ததை அதுகள் முதுகில் ஊற்றினோம். ஊற்றின கையோடு காய்ந்துவிடும். கொட்டகைக் கூரையிலிருந்து பழைய வைக்கோலைப் பிடுங்கிப் போட்டேன். மோந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டன.

கடைசியில் கடைக்காரரை மறுபடி கூப்பிட்டோம். அவர் ஒரு கடாவின் விலாவைத் தடவிப் பார்த்தார்.

"சதை எங்கக்கா? எலும்புக்குத் தோல் போத்தி நிக்க வெச்சிருக்கீங்க. அன்னிக்கே வரேன்னேனே."

நடக்க முடிந்த இரண்டை மட்டும், அதுவும் தோலுக்காக, அவர் ஓட்டிப்போனார். மற்ற இரண்டும் கொட்டகையிலேயே விழுந்தன. அக்கம்பக்கத்து ஆட்களோடு கயிறு போட்டுத் தூக்கிப் பார்த்தோம். ஒன்று முட்டி போட்டு எழப் பார்த்து, மறுபடி சரிந்தது. அதன் முகத்தில் ஈ உட்காராமல் விரட்டினேன். அதைத் தவிர என்னால் ஆனது ஒன்றுமில்லை.

அதோடு கன்று வாங்கக் கையில் எதுவும் இல்லை. கொட்டகையும் போயிற்று. இப்போது அங்கே ஆபீஸ் கட்டடம். அதன் வாசலில் என் வீட்டுக்காரர் வாட்ச்மேன்.

நீங்கள் இன்னும் மாட்டுக்காரர்களுக்குப் பாடம் நடத்துவதாகக் கேள்விப்படுகிறேன். அதே பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள் சார். கடாவுக்குத் தீவனம் கிடையாது என்று தெரிந்துதான் எங்களை விற்க விடாமல் தடுத்தீர்களா, தெரியாமலே உண்டு என்று சொன்னீர்களா? அன்றைக்குச் சொன்ன மாதிரியே மைக்கைப் பிடித்து, எல்லார் முன்னாலும் பதில் சொல்லுங்கள்.