ஓடுதளத்து நாயும் உள்ளே இருந்த சக்கரங்களும்

நான் விமானம் ஓட்டப் படித்தது ஓமலூர்ப் பக்கம். என் பயிற்றுநர் சேலத்துக்காரர், விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்றவர். எஞ்சினைக் கிளப்புமுன் சிலுவை போட்டுக்கொள்வார். அதற்குப் பிறகு எதையும் ஆண்டவரிடம் விட்டுவிட மாட்டார். ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லி, விரலால் தொட்டுப் பார்ப்பார். அவர் ஒன்றை மறந்து நான் பார்த்ததே இல்லை.

அன்று ஓட்டியது இரட்டை எஞ்சின் கொண்ட சின்ன விமானம். பறக்கும்போது அதன் சக்கரங்களை வயிற்றுக்குள் மடக்கிக்கொள்ளலாம். இறங்குமுன் நாம்தான் ஒரு நெம்புகோலை இழுத்து வெளியே விடவேண்டும். அவை சரியாக வெளியே வந்துவிட்டால் மூன்று பச்சை விளக்குகள் எரியும். மறந்துவிட்டால், வேகத்தைக் குறைத்ததும் ஒரு ஹாரன் கத்தும்.

நான்தான் விமானத்தை இறக்கிக்கொண்டிருந்தேன். சக்கரங்களை வெளியே விட்டு, "மூணு பச்சை சார்" என்றேன். அவரும் பார்த்துத் தலையாட்டினார். ஓடுதளம் நெருங்கும்போது நடுவில் ஒரு நாய் நின்றுகொண்டிருந்தது. கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்தும் அதையே சொன்னார்கள். மீண்டும் மேலே ஏறினோம். ஏறும்போது சக்கரங்களை உள்ளே மடக்குவதுதான் முறை. மடக்கினோம்.

"நான் ஓட்டறேம்மா. நீ நாயப் பாத்துக்க" என்றார் சார்.

எனக்குக் கொடுத்த வேலையை நான் ஒழுங்காகச் செய்தேன். நாய் ஓடுதளத்தை விட்டு இடப்பக்கப் புல்லுக்குப் போனது. உட்கார்ந்தது. எழுந்தது. எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"உள்ள வருதா?"

"இல்ல சார், சொறிஞ்சுக்குது."

"விடாம பாரு."

ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி இறங்க வரும்போது, ஓடுதளம் காலியா என்று அவர் கோபுரத்தைக் கேட்டார். காலி, ஆனால் நாய் ஓரத்தில்தான் இருக்கிறது என்றார்கள். சக்கரம் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. மூன்று பச்சையைத்தான் பார்த்தாயிற்றே. அது முதல் தடவை பார்த்தது என்பதை மனசு பிரித்துப் பார்க்கவில்லை.

தரை வரவேண்டிய இடத்தில் வரவில்லை. இன்னும் கொஞ்சம் கீழே வந்தது. முதலில் எஞ்சின் விசிறிகள் ஓடுதளத்துத் தாரை வெட்டும் சத்தம், அப்புறம் வயிறு உரசும் சத்தம். கொஞ்சதூரம் நேராகவே சறுக்கி நின்றோம். அவர் எரிபொருளை அடைத்து, சுவிட்சுகளை அணைத்து, "இறங்கும்மா" என்றார். இறக்கையிலிருந்து குதிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரு வாசற்படி உயரம்தான் இருந்தது. தீயணைப்பு வண்டி வந்தது. அதற்கு முன்னால் குரைத்துக்கொண்டே நாயும் வந்தது.

சார் குனிந்து விமானத்தின் அடியில் பார்த்தார். "சக்கரத்த விடலம்மா" என்றார். நானும் குனிந்து பார்த்தேன். "ஆமா சார்."

தகவல் கேட்டு அப்பா மல்லசமுத்திரத்திலிருந்து கோழிப்பண்ணை வேலையைப் போட்டுவிட்டு வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சாரிடம் திரும்பினார்.

"ஏனுங்க சார், சக்கரம் கழண்டு போச்சுங்களா?"

"இல்லைங்க. உள்ளதான் இருக்கு. நாங்க வெளிய விடல."

அப்பா யோசித்தார். "அத நாம்பதான் உடோணுங்களா?"

"ஆமாங்க."

"செரிங்க" என்றார் அப்பா. அதற்குமேல் அதைப்பற்றி அவர் யாரிடமும் பேசவில்லை.

விசாரணைக்கு அதிகாரி ஒருவர் வந்தார். ஹாரன் அடிக்கவில்லை என்று நானும் சாரும் தனித்தனியாக, ஒரே உறுதியோடு சொன்னோம். அவர் எதுவும் மறுத்துப் பேசாமல், கோபுரத்தில் பதிவான பேச்சைப் போட்டுக் காட்டினார். ஓடுதளம் காலியா என்று கேட்கிறது சாரின் குரல். அதன் பின்னாலேயே ஹாரன், விடாமல் கத்துகிறது. அதைத் தாண்டிக் கேட்கவேண்டும் என்பதற்காக சார் குரலை உயர்த்திப் பேசியிருந்தார்.

"இன்னொரு தடவ போடுங்க" என்றார் சார். போட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"நல்லாத்தான் கேக்குது" என்றார். வெளியே வந்ததும் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். காது கேட்கும் ஒருவருக்கு இவ்வளவு பெரிய சத்தம் எங்கே போனது என்பது எங்கள் இருவருக்குமே புரியவில்லை. பயம் எனக்கு அப்போதுதான் வந்தது. சறுக்கும்போது வந்திருக்கவேண்டிய பயம்.

அவரைச் சில மாதம் பறக்கவிடவில்லை. அந்த மாதங்களில் வகுப்பு மட்டும் எடுத்தார். முதல் பாடமாக அந்த ஒலிப்பதிவைப் போடுவார். மாணவர்கள் சிரிப்பார்கள். சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, "நானும் உங்கள மாதிரிதான், இதெல்லாம் அடுத்தவனுக்கு நடக்கறதுன்னு நெனச்சேன்" என்பார். அப்புறம் மறுபடி பறக்க வந்தார். ஏற்கெனவே குறைவாகப் பேசுபவர், இறங்கும் நேரத்தில் இப்போது சரிபார்க்க வேண்டியதைத் தவிர வேறெதுவும் பேசுவதே இல்லை.

நான் தேறி, இன்று பெரிய விமானத்தில் துணை விமானியாக இருக்கிறேன். நடந்ததை அம்மாவுக்கு எப்படியோ யாரோ விளக்கிச் சொல்லிவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் வேலைக்குக் கிளம்பும்போது போன் வரும்.

"சாமி, சக்கரத்த எறக்கிட்டியா?"

"இன்னும் ஏறவே இல்லம்மா."

"எதுக்கும் ஒருக்கா பாத்துக்க."