பேசியதும் கதைத்ததும்

கண்டிக்கு வந்த புதிதில் என் மனைவி மாலைதோறும் ஒரே கேள்வியைக் கேட்பாள்: "நான் ஊருக்கே போயிடட்டுமா?" கோபமாகக் கேட்கமாட்டாள். தேநீரை என் முன்னால் வைத்துவிட்டு, மழை வருமா என்று விசாரிப்பதுபோலக் கேட்பாள். இன்னும் கொஞ்ச நாள் பாரேன் என்று நான் சொல்வேன்.

மதுரையில் அவள் காய்கறி வாங்கப் போனால் திரும்பி வர வெயில் ஏறிவிடும். தெருவில் அத்தனை பேரிடமும் பேச அவளுக்கு ஏதாவது இருக்கும். இங்கே அம்பிட்டியவில், மலைச்சரிவில் நின்ற வீட்டின் மேல்மாடியில், நான் குண்டசாலை அலுவலகத்திலிருந்து திரும்பும்வரை அவள் வாயைத் திறக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. அக்கம்பக்கத்தார் சிங்களவர்கள். பார்த்தால் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள், அத்தோடு சரி.

எனக்கு எதையும் திட்டம்போட்டுச் செய்துதான் பழக்கம். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு திசை என்று வகுத்துக்கொண்டு அவளைச் சுற்றிக்காட்டினேன். ஒரு வாரம் பேராதனைப் பூங்கா. அடுத்த வாரம் கலகெதரவுக்குப் பஸ் ஏறி, அங்கே சந்தையைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். எதைக் காட்டினாலும் "நல்லாத்தான் இருக்கு" என்றாள். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கேள்வியும் வந்தது.

கீழ்வீட்டில் வீட்டுக்காரத் தம்பதி இருந்தார்கள். யாழ்ப்பாணத்துக்காரர்கள். அவர் அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றவர். எங்களுக்கு முன் குடியிருந்தவர்களைத் தண்ணீர்க்குழாய் விஷயத்தில் அவர் ஒருமுறை உரக்கக் கண்டித்ததாகவும், அவர்கள் அந்த மாதமே காலி செய்ததாகவும் கேள்விப்பட்டிருந்தோம். அதனால் நாங்கள் வணக்கத்தோடு நிறுத்திக்கொண்டோம். அந்த அம்மா மட்டும் சில காலைகளில் இடியப்பமும் சொதியும் மேலே கொண்டுவந்து தருவார்.

ஒருநாள் என் மனைவி நடக்கப் போய், வழி தெரியாமல் வாசல் கேட்டுக்கே திரும்பி வந்து நின்றிருக்கிறாள். வீட்டுக்காரர் அங்கே செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எங்கே போக வேண்டும் என்று கேட்டு, வாவிக்கரைக்கு இறங்கும் குறுக்குப்பாதையை விளக்கியிருக்கிறார். எந்தப் படியில் பாசி வழுக்கும், எந்த மரத்தடியில் குரங்குகள் கையிலிருப்பதைப் பறிக்கும் என்பதுவரை சொன்னாராம். அன்று அவள் முகமே வேறாக இருந்தது. மறுநாள் காலை இடியப்பம் வந்தபோது அந்த அம்மாவிடமும் மகிழ்ச்சியோடு சொன்னாள். நான் சட்டை மாட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அக்கா, நேத்து உங்க வீட்டுக்காரர் வாசல்ல ரொம்ப நேரம் பேசுனாரு."

"பேசினவரோ? உங்களையோ? என்னத்துக்கு?"

"வழி தெரியாம நின்னேன்ல, அதுக்குத்தான். நான் வாயே திறக்கலை. சும்மா கேட்டுக்கிட்டு நின்னேன்."

அந்த அம்மா தட்டை வைத்துவிட்டு விறுவிறுவென்று படியிறங்கினார். அடுப்பில் ஏதோ இருக்கும் என்று நினைத்தோம்.

அன்றிலிருந்து இடியப்பம் வரவில்லை. வீட்டுக்காரர் என் மனைவியைக் கண்டால் குழாயை மூடிவிட்டு உள்ளே போனார். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார். நான் என்ன தப்பு பண்ணினேன் என்று என் மனைவி திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு அதையும் விட்டுவிட்டாள். அந்த வாரக் கடைசியில், போகட்டுமா என்று கேட்காமல், அலுமாரி மேலிருக்கும் பெட்டியை இறக்கித் தாங்க என்று மட்டும் சொன்னாள். இறக்கி, தூசி துடைத்துக் கொடுத்தேன். அந்த வேலையை என்னால் நிதானமாகச் செய்ய முடிந்தது. அவள் முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை.

பெட்டி திறந்து கிடக்கும்போதே கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டுக்காரர், தேய்த்த சட்டையோடு நின்றார். கதிரையில் உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. அவர் பார்வை பெட்டியில் போய் நின்றது.

"தங்கச்சி, கடவுளறிய ஒண்டு கேக்கிறன். நான் உங்களைப் பேசினனானோ?"

"ஆமாண்ணே. பேசுனீங்களே. அன்னிக்கு எவ்வளவு நல்லா பேசுனீங்க."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். என் மனைவி பயந்துபோய் என்னைப் பார்த்தாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. சில நாள்களுக்கு முன் அலுவலகத்தில் வவுனியாக்காரர் ஒருவர், மனேஜர் தன்னைப் பேசிவிட்டார் என்று வாடிப்போய்ச் சொன்னார். என்ன பேசினார் என்று நான் ஆர்வமாகக் கேட்டேன். அவர் என்னை முறைத்துவிட்டுப் போனார். பக்கத்திலிருந்தவர்தான், பேசுவதென்றால் அவர்கள் பக்கம் ஏசுவது என்று விளக்கினார்.

"அண்ணே, எங்க ஊர்ல பேசுறதுன்னா நீங்க கதைக்கிறதுன்னு சொல்றதுதான்" என்றேன்.

அவர் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். படியின் அடியிலிருந்து அந்த அம்மாவின் குரல் வந்தது. மேலே வரக் கூசி அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஐயோ, நான் ஒரு கிழமையா இந்த மனுசனைப் பேசிக்கொண்டெல்லோ இருக்கிறன்!"

"ரீவியில இந்தியாக்காரரின்ர நாடகம் ஒண்டு விடாமப் பாக்கிறவ" என்று அவர் எங்களிடம் முறையிட்டார். "அதில ஆர் பேசினாலும் விளங்குது. நான் பேசினதெண்டால் மட்டும் ஏச்சாம்."

"உங்கட வாய்க்கு நான் வேற என்னத்தை நினைக்கிறது?" என்றது கீழேயிருந்த குரல்.

என் மனைவி சிரிக்கத் தொடங்கினாள். சிரித்தபடியே படியில் இறங்கிப் போனாள். கீழே இருவரும் எதைச் சொல்லிச் சிரித்தார்கள் என்று தெரியவில்லை, இரவுச் சாப்பாட்டுக்குத்தான் மேலே வந்தாள். பெட்டி இரண்டு மூன்று நாள் திறந்தபடியே கிடந்தது. நான் அதைத் தொடவில்லை. கேட்கவும் இல்லை.

அடுத்த வாரம் ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது மேல்மாடி பூட்டியிருந்தது. இந்த வீட்டுக்கு வந்த பிறகு அப்படிப் பூட்டி நான் கண்டதில்லை. வீட்டுக்காரர் தோட்டத்திலிருந்து கைதட்டி அழைத்தார்.

"ரெண்டு பேரும் வாவிப் பக்கம் போயிட்டினம், தம்பி. இப்ப வந்திடுவம் எண்டு சொல்லிப்போட்டுப் போனவை."

எப்போது போனார்கள் என்று கேட்டேன்.

"மத்தியானம்" என்றார்.

அவரே உள்ளே போய்த் தேநீர் போட்டு வந்தார். ஆளுக்கொரு கதிரையில் உட்கார்ந்தோம். எங்கள் இருவருக்கும் கதைக்க அதிகம் இருக்கவில்லை. எதிர்மலையில் வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. கடைசியில் குறுக்குப்பாதையின் அடியிலிருந்து குரல்கள் ஏறி வந்தன. ஆள் தெரிவதற்கு வெகு முன்பே என் மனைவியின் குரலை அடையாளம் கண்டேன். மூச்சு வாங்கியபோதும் அது நிற்கவில்லை.

கேட்டருகே வந்தவள் என்னைப் பார்த்து, எப்ப வந்தீங்க என்றாள். பதிலுக்குக் காத்திராமல் சாவியை நீட்டினாள்.

"மேல போய் விளக்கப் போடுங்க. அக்கா ஒண்ணு சொல்லிக்கிட்டு வந்தாங்க, முழுசாக் கேட்டுட்டு வந்துர்றேன்."

நான் மேலே போய் விளக்கைப் போட்டேன்.