நீலப் புத்தகம் இருந்த இடம்

புத்தகத்தைத் தொடுமுன் ராமுத்தாய் ஒரு சாக்பீஸ் துண்டை எடுத்துப் பத்து விரல் நுனியிலும் தேய்ப்பாள். விடியலில் நிலக்கோட்டைத் தோட்டத்தில் மல்லிகை மொட்டு பறித்துவிட்டுப் பஸ் ஏறுகிறவள். நகத்தோரம் காம்பின் பச்சைக் கறை ஒட்டியிருக்கும். அது தாளில் படக்கூடாது. பொடியை ஊதிவிட்டுத்தான் முதல் பக்கம்.

1998. திண்டுக்கல்லில் எம்.எஸ்சி. இயற்பியல் முதலாண்டு, நானும் அவளும் ஒரே வகுப்பு. எங்களைப் பயமுறுத்திய பாடம் குவாண்டம் இயக்கவியல். அதற்கு நூலகத்தில் இருந்தது ஒரே புத்தகம். நீல அட்டை, வெளியே கொண்டுபோகத் தர மாட்டார்கள். தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கையில் அதைப் புதுக்கவிதை அலமாரியின் பின்வரிசையில் செருகி வைத்தேன். அந்தப் பக்கம் என்னைத் தவிர யாரும் வருவதில்லை. மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிடப் போய்விடுவேன். ஐந்து நிமிட நடைதான். மாலையில் வந்து எடுத்துப் படிப்பேன்.

"ஸ்டீபன், அந்த நீலப் புக்கப் பாத்தீங்களா?"

"இல்லையே."

"அதுவும் எலக்ட்ரான் மாதிரிதான் போல. தேடுற எடத்துல இருக்க மாட்டேங்குது." சிரித்தாள். பிறகு குரலைத் தணித்து, "ஒரு பேப்பர் போனாலும் படிப்ப நிறுத்திருவேன்னு அப்பா சொல்லிட்டாரு. அதான் கேக்குறேன்" என்றாள்.

 நாளைக்கு எடுத்துப் பழைய இடத்தில் வைத்துவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த நாளும் அதையே நினைத்தேன். தேர்வுக்கு முந்தின நாள் அதைத் திறந்தபோது பக்கங்களில் வெள்ளைப் பொடி. சுவர்ச் சுண்ணாம்பு என்று ஊதித் தள்ளினேன்.

அந்தத் தாளில் எனக்கு எழுபத்தெட்டு மதிப்பெண். அவளுக்கு நாற்பத்தொன்று, ஐம்பது எடுத்தால்தான் தேர்ச்சி. இரண்டாமாண்டு அவள் வரவில்லை. ஒரு கடிதம் எழுதினேன், கவிதை மாதிரி வந்தது. எனக்கே கூசியது. கிழித்துவிட்டேன்.

2003இல் ஒரு சான்றிதழுக்காகக் கல்லூரிக்குப் போனபோது நூலக உதவியாளர் செபஸ்தியான் அண்ணன் பேச்சுவாக்கில் சொன்னார்:

"நிலக்கோட்டப் புள்ள ஒண்ணு படிச்சுச்சே தம்பி, ராமுத்தாய். பரீட்சைக்கு நாலு நாளைக்கு முன்னாடி ஒரு புக்கக் கவிதை அலமாரிக்குப் பின்னாடி கண்டுபிடிச்சிருச்சு. கொண்டாம்மா, மேசையில வைப்போம்னேன். 'வேணாம்ணே, வாங்க வழியில்லாத புள்ள யாரோ ஒளிச்சு வச்சிருக்கு. நான் மத்தியானத்துல செத்த நேரம் நின்னுக்கிட்டே பாத்துக்கிறேன்'னு சொல்லி, எடுத்த எடத்துலயே வச்சிருச்சு."