சத்தத்துக்குத் தனி வயர்

2008ஆம் ஆண்டு, மழை பிடித்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். இரத்தோட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில், டிவிக்கு முன்னால் வயர்களுக்குள் தலையை விட்டுக்கொண்டு நான் கிடந்தேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. டவுனில் ஒரு கம்யூனிகேஷன் கடையில் வேலை. வெளிநாட்டுக்குக் கோல் எடுத்துக் கொடுப்பேன், போட்டோ கொப்பி அடிப்பேன், பிள்ளைகளின் பரீட்சை ரிசல்ட்டை இன்டர்நெட்டில் பார்த்துச் சொல்வேன். இவ்வளவுதான் தெரியும். ஆனால் என்னை விட்டால் ஆளில்லை என்ற திமிர் மட்டும் மலையளவு இருந்தது.

அப்பா எல்கடுவப் பக்கம் ஒரு தோட்டத்து தேயிலை பெக்டரியில் முப்பது வருஷம் ரோலர் ரூமில் நின்றவர். கொழுந்தை உருட்டிப் பிழியும் அந்த மெஷின்களுக்குப் பக்கத்திலேயே நின்று காது போய்விட்டது. வேலையை விட்டுவிட்டு நாங்கள் இரத்தோட்டைக்குக் குடிவந்தபோது, பக்கத்தில் இடி விழுந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டார். பேச்சு மட்டும் குறையவில்லை. ரோலர் இன்னும் ஓடிக்கொண்டிருப்பது போல் கத்தித்தான் பேசுவார். நாங்கள் பதிலைக் கொப்பியில் எழுதிக் காட்டுவோம்.

அண்ணனும் அதே பெக்டரியில் அப்பாவோடு வேலை செய்தவர்தான். பிறகு கட்டாருக்குக் கட்டட வேலைக்குப் போய் மூன்று வருஷமாகியிருந்தது. அப்பாவிடம் போனில் பேச முடியாது என்பதால் மாதம் தவறாமல் அப்பா பெயருக்குக் கடிதம் போடுவார். அந்த வருஷம் சாரத்திலிருந்து விழுந்து வலது கையை முறித்துக்கொண்டார். அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தது நான்தான். அண்ணனோடு தங்கியிருந்த நண்பர் ஒருவரைக் கொண்டு, அண்ணன் எழுதுவது போலவே கடிதம் எழுத வைத்ததும் நான்தான்.

முதல் கடிதத்தை அப்பா இரண்டு தடவை படித்துவிட்டு மடித்து வைத்தார். இரண்டாவது கடிதம் வந்தபோது பழைய கடிதக் கட்டை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இது எம்மவன் எழுத்து இல்ல. அவன் போய்ச் சேந்துட்டான். எல்லாரும் சேந்துக்கிட்டு எங்கிட்ட மறைக்கிறீங்க!" என்று கத்தினார். தெருமுனை வரை கேட்டிருக்கும். கை முறிந்த கதையைக் கொப்பியில் விழுந்து விழுந்து எழுதினேன். ஒரு தடவை பொய் சொன்னவளின் இரண்டாவது கதையை யார் நம்புவார்கள்? அன்றிலிருந்து சவரம் செய்வதை நிறுத்தினார். சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்து போனார். பிள்ளை அங்கே உயிரோடு இருக்க, இங்கே அப்பா துக்கம் காத்துக்கொண்டிருந்தார். அம்மா என் முகத்தைப் பார்த்துப் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்.

ஒரு நாள் அப்பாவைக் கெஞ்சிக் கடைக்குக் கூட்டிப்போய், கம்ப்யூட்டரில் அண்ணனைக் காட்டினேன். படம் தீப்பெட்டி அளவுதான் வந்தது. அதுவும் லைன் இழுக்காமல் அப்படியே நின்றுவிட்டது. அப்பா குனிந்து பார்த்தார். "போட்டோ" என்று சொல்லிவிட்டு எழுந்து நடந்தார்.

அன்றைக்கு எனக்கு வந்த ரோஷத்தைச் சொல்லி முடியாது. வீட்டிலேயே இன்டர்நெட் எடுத்து, அண்ணன் கட்டாருக்குப் போகுமுன் வாங்கி வைத்த இருபத்தொரு இஞ்ச் டிவியில் அவர் முகத்தை முழுசாகக் காட்டாமல் விடுவதில்லை என்று சபதம் போட்டேன். கடை முதலாளி ஸ்கிரீன் செத்துப்போன பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கொடுத்தார். அதன் முதுகில் டிவிக்கு வயர் கொடுக்கும் ஓட்டை இருந்தது. எனக்கு அது போதும்.

வயர் வாங்க மாத்தளைக்கு பஸ் ஏறினேன். கடையில் இருந்த முஸ்லிம் நானா வயரை எடுத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "தங்கச்சி, இதுல படம் மட்டுந்தான் வரும். சத்தத்துக்கு வேற வயர் வேணும்."

"தேவையில்ல நானா, எல்லாம் இதுலயே வந்துரும். நான் இந்த வேலையிலதான் இருக்கேன்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே பையில் போட்டுக் கொடுத்தார்.

போன் லைனோடு இன்டர்நெட்டும் வந்தது. குட்டிப் பெட்டியில் பச்சை லைட்டுகள் வரிசையாக எரிந்தபோது நான் குதித்த குதியில் அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். அண்ணனுக்கு வெள்ளிக்கிழமை லீவு. அந்த மழை வெள்ளிக்கிழமைக்கு அங்கே ஒரு இன்டர்நெட் கடையில் ஒரு மணித்தியாலம் இடம் பிடித்திருந்தார். டிவி தலையில் சின்னக் கெமராவை வைத்து, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினேன். அதிலேயே மைக்கும் இருந்ததால் எங்கள் பேச்சு அண்ணனுக்குக் கேட்கும். டிவியின் முன்பக்க மஞ்சள் ஓட்டையில், அக்கா கல்யாண வீடியோவைப் போட்டுப் பார்க்கும் கேசட் டெக்கின் வயர் ஏற்கெனவே இருந்தது. அதைப் பிடுங்கிவிட்டு என் வயரைச் சொருகினேன். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, மூன்று மாதத் தாடியைத் தடவிக்கொண்டு, நான் செய்வதையெல்லாம் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிவியில் முதலில் நீலம் வந்தது. பிறகு கோடு கோடாக ஓடியது. அவசரத்தில் மௌஸை இரண்டு தடவை கீழே போட்டேன். பட்டென்று அண்ணன் வந்தார்! டிவி நிறைய அண்ணன்! அம்மா "என் சாமி!" என்று இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

ஆனால் படம் கறுப்பு வெள்ளையில் வந்தது. ஏனென்று எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. அண்ணன் வாயை அசைக்கிறார், ஒரு சத்தமும் இல்லை. எனக்கு உச்சந்தலை சூடாகிவிட்டது. டிவி முன்னால் குந்திக்கொண்டு வோலியூமைக் கூட்டினேன், வயரைப் பிடுங்கிச் சிவப்பு ஓட்டையில் குத்தினேன், வெள்ளையில் குத்தினேன். குத்தும்போதெல்லாம் படம் போனது, எடுத்துத் திருப்பிச் சொருகினால் வந்தது. மாத்தளை நானாவின் சிரிப்பு கண்ணுக்கு முன்னால் நின்றது. பத்து நிமிஷம் போய்விட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. "சத்தம் வரலம்மா, சத்தம் வரல!"

பின்னால் நாற்காலி நகர்ந்தது. அப்பா எழுந்துவிட்டார். "பெரியவ கல்யாண கேசட்டு இது. அதே ஓட்டையிலதானே போட்ட, நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்? பழைய கேசட்டப் போட்டு ஏன் புள்ள என்னை ஏமாத்துற?"

கத்தவில்லை. வழக்கமாகக் கத்துகிறவர் அன்றைக்கு மெதுவாகச் சொன்னார். அதுதான் என்னைக் கொன்றது. அக்கா கல்யாண கேசட்டில் அண்ணன் இருப்பது உண்மைதான். அது கல்யாண கேசட் இல்லை என்று நான் எப்படி நிரூபிப்பேன்?

அம்மா என் பின்னலைப் பிடித்து ஒரே இழுப்பு. "எந்திரிச்சு வாடி இங்கிட்டு! யாருக்குடி சத்தம்? உங்கப்பனுக்குக் காது கேக்குமாடி?"

நான் அப்படியே பக்கவாட்டில் சரிந்து விழுந்தேன். டிவியை மறைத்துக்கொண்டிருந்த என் தலை விலகியது.

அப்பா சொன்னது அண்ணனுக்குக் கேட்டிருக்கிறது. அவர் பேசுவதை நிறுத்தினார். கொஞ்சம் பின்னால் தள்ளி உட்கார்ந்து கையைத் தூக்கினார். இரண்டு விரலைத் தாடையில் வைத்துத் தடவி, உள்ளங்கையை விரித்தார்.

இதென்ன தாடி?

பெக்டரிக்குள் மெஷின் ஓடும்போது வாயால் பேசி ஒன்றும் ஆகாது. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கையால்தான் பேசிக்கொள்வார்கள். ரோல் போதும், பெல்ட் கழன்றுவிட்டது, தேத்தண்ணி வந்துவிட்டது, எல்லாவற்றுக்கும் ஒரு கை உண்டு. சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். ஆனால் நான் பெக்டரியில் வேலை செய்தவள் இல்லையே, அது எங்கள் வீட்டில் இரண்டு பேருக்குத் தெரிந்த பாஷை என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வெளியே போகக் கதவடி வரை போயிருந்த அப்பா அதைக் கண்டு நின்றார். திரும்பிவந்து நாற்காலியில் உட்காரவில்லை, டிவிக்கு முன்னால் நின்றுகொண்டார். அவருக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்து இரண்டு கண்ணிலும் கண்ணாடி போல வைத்து, தலையை ஆட்டினார். பெக்டரியில் அதற்கு அர்த்தம், பெக்டரிக்குப் பொறுப்பான கண்ணாடி போட்ட டீமேக்கர் ஐயா எங்கே நிற்கிறார் என்பது என்று பிறகு அப்பா சொன்னார். ஐயா வருகிறாரா என்று பார்த்துத்தானே அங்கே இளைப்பாறுவார்கள்.

அண்ணன் சட்டென்று திரும்பிப் பார்த்துவிட்டு, கட்டைவிரலால் முதுகுக்குப் பின்னால் காட்டினார். அங்கே அந்த இன்டர்நெட் கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி போட்டிருந்தார்!

அப்பா வெடித்துச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். "எம்மவன்! கேசட்டு பதில் சொல்லுமா? எம்மவன்தான்!" என்று போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு சிங்கள அக்கா குடையும் இல்லாமல் மழையில் ஓடி வந்தார். பிறகு அப்பா முறிந்த கையைக் காட்டச் சொன்னார். அண்ணன் மெலிந்துபோன வலது கையைத் தூக்கி, ஒவ்வொரு விரலாக மடக்கி விரித்தார். அப்பாவும் கூடவே தன் விரல்களை மடக்கி விரித்தார். மிச்சமிருந்த நேரம் முழுக்க இரண்டு பேரும் என்னதான் பேசினார்களோ, ஒரே கையாட்டமும் சிரிப்பும்தான். ஒரு இடத்தில் இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். என்னைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று இதுவரை இரண்டு பேருமே சொல்லவில்லை.

அன்று இரவு அப்பா இரண்டாவது தடவையும் சோறு போட்டுச் சாப்பிட்டார். மறுநாள் காலையில் சலூன் திறக்குமுன்பே வாசலில் போய் நின்றாராம்.

கொஞ்ச நாள் கழித்து மாத்தளை நானாவின் கடைக்குப் போனேன். என்னைக் கண்டதும், "சத்தம் வந்திச்சா தங்கச்சி?" என்றார். "வரல நானா. அந்த வயரையும் தாங்க. அம்மாவும் அண்ணன்கூடப் பேசணும்ல" என்றேன். திமிரெல்லாம் அன்றைக்கு எங்கேயோ ஓடி ஒளிந்துகொண்டது.

யாருக்காவது நல்லது செய்யப் போகிறேன் என்று இன்றைக்கும் வரிந்து கட்டிக்கொண்டு கிளம்பும்போது, காது கேளாத மனுஷனுக்குச் சத்தம் கொடுக்கப் போராடிய அந்தப் பத்து நிமிஷம் நினைவுக்கு வருகிறது. டிவியை மறைத்துக்கொண்டு நானே நிற்கிறேனா என்று முதலில் ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.