தகரம் தட்டாமல் நடந்த நாள்

முதலில் ரத்தினம். கங்காணி மகன். வயது பத்து, வாய்க்கு மட்டும் இருபது. அவனுக்குப் பின்னால் அஞ்சலை. அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு தம்பி வேலு. பிறகு அந்தோணி, எப்போதும் மூக்கு ஒழுகும். அவனுக்குப் பின்னால் எங்கள் பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி, ஆறு வயது. கடைசியில் நான். எனக்குப் பதினொன்று.

இந்த வரிசை என் தலையை விட்டுப் போகவே இல்லை. போன வாரம் ஸ்கூடாயில் ஒரு மளிகைக் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் பிஸ்கட் தகரத்தைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியதை உதிர்க்க நாலு தட்டு தட்டினார். அவ்வளவுதான். என் கால் தானாக வேகம் எடுத்துவிட்டது. கடையைத் தாண்டி மோட்டார் சைக்கிள் பட்டறை வரைக்கும் போய்விட்டேன். மருமகள் பின்னாலேயே ஓடி வந்தாள். "என்னம்மா, எங்க போறீங்க? சாமான் வாங்கலியா?"

"கால் மரத்துப் போச்சு, அதான்" என்றேன். கால் மரத்துப் போனவள் எங்கே ஓடுவாள்? அவளும் மேலே கேட்கவில்லை. நல்ல பெண்.

அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். நான் அதிகம் படித்தவள் இல்லை. பிழை இருந்தால் தள்ளிவிட்டுப் படியுங்கள்.

ஜப்பான்காரன் வருவதற்குப் பல வருடம் முன்னால். மலாயாவில், பொந்தியான் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டம். எங்கள் லயம், கூலியாட்கள் குடியிருக்கும் வரிசை வீடு, காட்டோரம். பள்ளிக்கூடம் பெரிய லயத்தில், கணக்கெழுதும் கிராணியின் ஆபீசை ஒட்டி. இரண்டுக்கும் நடுவில் ஒன்றரை மைல் ஒற்றையடிப் பாதை. பாதி ரப்பர், பாதி புதர்க்காடு. இடையில் ஓர் ஓடை. அதன் மேல் கிடந்த மரத்துண்டுதான் பாலம்.

அந்தப் பாதையில் அவர் நடமாட்டம் உண்டு.

அவர் என்றால் நாலு கால், உடம்பெல்லாம் கோடு. பெயரை நாங்கள் சொல்ல மாட்டோம். சொன்னால் கூப்பிட்ட மாதிரி. கம்பத்து மலாய்க் கிராமத்தாரும் டத்தோ, அதாவது தாத்தா, என்றுதான் சொல்வார்கள். நாங்கள் பெரியவர் என்போம். இன்றைக்கும் அந்தப் பெயரை எழுதக் கை வரவில்லை. சிரித்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

அவர் முன்னால் வர மாட்டார். பின்னால்தான் வருவார். வரிசையில் கடைசி ஆளைத்தான் எடுப்பார் என்று சொல்வார்கள். அதனால் ஆளுக்கு ஒரு தகரம். பால்டின், பிஸ்கட் மூடி, என்ன கிடைக்கிறதோ அது. எனக்கு மண்ணெண்ணெய்த் தகரத்தில் வெட்டிய பாதி. கடைசி ஆளுக்குத்தான் பெரிய சத்தம் வேண்டும். தட்டிக்கொண்டே போவோம், தட்டிக்கொண்டே வருவோம். கையில் எப்போதும் மண்ணெண்ணெய் வாடை. அந்தக் கையோடுதான் புத்தகத்தைத் தொடுவேன்.

புத்தகம் கப்பலில் வந்தது. பசை வாசனை அடிக்கும். எனக்கு அது சோற்று வாசனையை விடப் பிடிக்கும். காலையெல்லாம் அம்மாவோடு பால் காட்டில் நிற்பேன். மரத்தில் காய்ந்த பாலைப் பிய்த்துக் கூடையில் போடுவது என் வேலை. மத்தியானத்துக்கு மேல் பள்ளிக்கூடம். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு என்று லயத்தில் எல்லாரும் கேட்டார்கள். அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்கு மட்டும் ஒன்று சொல்லி வைத்தாள்.

"பாதையில அவரு சாடை தெரிஞ்சுச்சுன்னு வையி, அன்னைக்கோட படிப்பு நின்னுச்சு. எனக்குப் புள்ள வேணும், பாடம் வேணாம்."

வாத்தியார் கப்பலேறி ஊரிலிருந்து வந்து இரண்டு மாதம். ஒல்லி ஆள், நீளக் கழுத்து. கொசுவுக்குப் பயந்து பகலிலேயே காலை வேட்டியால் மூடிக்கொண்டு உட்காருவார். கெட்டவர் இல்லை. பிரம்பு வைத்திருந்தார், ஈ ஓட்டுவதற்கு.

அன்றைய பாடம் ஒரு தயிர்க்காரியின் கதை. காட்டு வழியில் பானையோடு போகிறாள். எதிரில் அவர் நிற்கிறார். அவள் பானையை இறக்கவில்லை. கண்ணைப் பார்த்து, "விலகு, எனக்கு நேரமாகிறது" என்கிறாள். அவரும் விலகிவிடுகிறார். கடைசியில் பெரிய எழுத்தில் நீதி: பயப்படாதவர் வழியில் எதுவும் நிற்காது.

ரத்தினம் எழுந்து வாசித்தான். அந்தப் பெயர் வந்த இடத்தில், "அவரு வந்து நின்னாரு" என்று வாசித்தான்.

"என்னடா அவரு? அங்க என்ன போட்டிருக்கு?"

"அவருதாங்கய்யா."

"புலின்னு போட்டிருக்கு. சொல்லு. புலி."

எங்கள் ஆறு தலையும் சன்னல் பக்கம் திரும்பின. வாத்தியார் வாயில் வந்ததை வந்தபடி எழுதியிருக்கிறேன். அது அவர் பாடு.

அந்தோணி மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டான். "ஐயா, அந்த ஊர்ல அவரு தயிர்தான் சாப்புடுவாரோ?"

எல்லாரும் சிரித்துவிட்டோம். வேலு காலடியில் இருந்த தகரம் உருண்டது. பக்கத்து அறையிலிருந்து கிராணி, "என்ன கூத்து அங்க?" என்று சத்தம் போட்டார். வாத்தியார் முகம் சிவந்துவிட்டது. எழுந்து ஒவ்வொரு தகரமாகப் பிடுங்கித் தன் அறையில் போட்டுப் பூட்டினார்.

"பேய்க்கும் பிசாசுக்கும் பயந்து தகரம் தட்டிக்கிட்டு வர்றது. இதுக்கா பாடம் சொல்லிக் குடுக்கறேன்? இன்னிக்கு வெறுங்கையோட போங்க."

நான் எழுந்து நின்றேன். "ஐயா, தகரம் வேணுங்கய்யா."

"எதுக்கு?"

"வழிக்கு."

"வழிக்குத் தைரியம் போதும். உக்காரு."

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் அந்த ஓடைக்கரையில் புல்வெட்டும் ஆள் ஒருவரைப் பெரியவர் எடுத்திருந்தார். மண்வெட்டி மட்டும் கிடைத்தது. தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். வாத்தியாருக்கு யாரும் சொல்லவில்லை. பெயர் சொல்லாமல் எப்படிச் சொல்வது? அவருக்குப் புரிகிற பெயர் அது ஒன்றுதான். அதைத்தான் யாரும் சொல்ல மாட்டோமே.

ஐந்து மணிக்கு விட்டார். மழை விட்ட நாள். ரப்பர் மரத்தடியில் சீக்கிரம் இருட்டும்.

ரப்பர் முடிகிற வரைக்கும் ரத்தினம் பேசிக்கொண்டே போனான். புதர் ஆரம்பித்ததும் பேச்சு நின்றுவிட்டது. கையைத் தட்டிப் பார்த்தோம். ஈரக் கை, சத்தம் வரவில்லை. பாட்டுப் பாடச் சொன்னேன். அஞ்சலை வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது.

குரங்குகள் கத்திக்கொண்டிருந்தன. ஓடைக்குக் கொஞ்சம் முன்னால் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன், குரங்கு நின்றால் நீயும் நில் என்று. நின்ற பிறகு என்ன செய்வது என்று யாரும் சொன்னதில்லை.

நனைந்த கம்பளி வாடை வந்தது.

ரத்தினம் திரும்பினான். முகம் வெளுத்திருந்தது. "ஓடுவோமா?"

"ஓடாத. ஓடுனா கடைசி நான்தான்டா."

"அக்கா" என்றாள் பாப்பாத்தி. "தயிர்க்காரி சொன்னத சொல்லட்டா?"

"வாய மூடு."

மரத்துண்டின் மேல் ஒவ்வொருவராக ஏறினார்கள். நான் இந்தக் கரையில் நின்றேன். என் முதுகுக்குப் பின்னால் ஒரு குச்சி ஒடிந்தது. சின்னக் குச்சி இல்லை. திரும்பவில்லை. திரும்பினால் விழுந்துவிடுவேன் என்று தெரியும். முதுகுத் தோல் தனியாக எழுந்து நின்றது. அந்தோணி தண்டவாளத்தில் நடக்கிற மாதிரி ஒவ்வொரு காலாக வைத்தான். அவன் இறங்குவதற்குள் நான் செத்துவிடுவேன் போல இருந்தது. பாப்பாத்தியைத் தூக்கிக்கொண்டு ஏறினேன்.

அப்போது பின்னால் தூரத்தில் தகரச் சத்தம்.

ஒரு தகரம் இல்லை, ஆறும். தடதடவென்று கிட்டே வந்தது. கூடவே ஒரு குரல். "ஏய்! ஏய்! ஏய்!" நான் விட்டு வந்த கரையில் புதர் ஒரு முறை ஆடி அடங்கியது. குரங்குகள் மறுபடி கத்தின.

வாத்தியார்தான். துண்டில் ஆறு தகரத்தையும் முடிந்து, ஈ ஓட்டுகிற பிரம்பால் அடித்துக்கொண்டு ஓடி வந்தார். ஒரு காலில் செருப்பு இல்லை. "நட, நட, திரும்பிப் பாக்காத" என்றார். லயம் வரைக்கும் என் பின்னாலேயே வந்தார். அன்றைக்குக் கடைசி ஆள் அவர்.

லயத்து வாசலில் அம்மாவிடம் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். "இப்பதான் கிராணி சொன்னாரு. எனக்கு ஏன்மா யாரும் சொல்லல?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "எப்படிங்கய்யா சொல்றது?" பிறகு, "பொழுது போச்சு. இங்கயே படுத்துக்குங்க" என்றாள்.

கங்காணி திண்ணையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "பயமா இருந்தா படுங்க வாத்தியாரே" என்றார். அந்த ஒரு சொல்தான். வாத்தியார் துண்டை எடுத்துக்கொண்டார்.

"போயிருவேன்" என்றார்.

தகரச் சத்தம் போவதை எல்லாரும் நின்று கேட்டோம். புதர் வரைக்கும் கேட்டது. ஓடை வரைக்கும் கேட்டது. அங்கே நின்றுவிட்டது. மறுபடி வரும் என்று காத்திருந்தோம். வரவில்லை. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அம்மா என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

காலையில் அம்மாவுக்கும் எனக்கும் ஓடைக்கு அந்தப் பக்கம் வேலை. நான் முன்னால் போய்ப் பாலத்தைத் தாண்டினேன். ஈர மண்ணில் எங்கள் கால் தடம் பதிந்திருந்தது. சின்னது, பெரியது, எல்லாம் பாலத்தைப் பார்த்து. வாத்தியார் தடம் ஓரமாகப் போயிருந்தது. பிள்ளைகளில், பாலத்துக்கு முன்னால் கடைசித் தடம் என்னுடையது. அதன் மேல் இன்னொன்று. சோற்றுத் தட்டு அகலம். என் குதிகாலை மிதித்திருந்தது.

அம்மா பத்தடி பின்னால் வாளியோடு வந்துகொண்டிருந்தாள். அவள் பார்த்தால் படிப்பு போச்சு. வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. காலால் தேய்த்தேன். இரண்டு தடத்தையும் தேய்த்துச் சேறாக்கிவிட்டேன். அந்த ஈர மண்ணைத் தாண்டினால் பாதையெல்லாம் சருகு, தடம் பதியாது.

அதைத் தாண்டிப் பால் நிறுக்கும் கொட்டகை. அங்கே கூட்டம். வாத்தியார் கொட்டகை விட்டத்தின் மேல் உட்கார்ந்திருந்தார். உதடு நீலமாக இருந்தது. தகரமெல்லாம் கீழே சிதறிக் கிடந்தது. உயிரோடு இருந்தார்.

"பின்னாலயே வந்துச்சு" என்றார். "வந்தாரு. ஓடையிலேருந்து பின்னாலயே வந்தாரு."

ஓடைக்கரைக்கு இரண்டு பேர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். "ஒண்ணும் இல்ல. ஒரே சேறு."

கங்காணிக்கு அது போதும். "தயிர்க்காரி! பானைய எறக்கி வச்சிட்டு எறங்கு!" என்றார். பாடம் அவருக்கு எப்படித் தெரியும்? ரத்தினம் சொல்லியிருப்பான். கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்தேன். பயம் போனால் சிரிப்பு வரும், அதை அடக்க முடியாது என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இறங்கி வந்தவர் கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தார். "கடைசியா வந்த பொண்ணு நீதானே? நீ ஏதாச்சும் பாத்தியா?"

அம்மா பக்கத்தில் நின்றாள்.

"இல்லீங்கய்யா" என்றேன்.

அவர் தலையாட்டினார். கோபப்படவில்லை.

அதன் பிறகு அவர் எங்கே போனாலும், "தயிரு! தயிரு!" என்று யாராவது கூவினார்கள். முதலில் பிள்ளைகள், பிறகு பெரியவர்கள், கடைசியில் கிராணியும். பாடம் நடத்தும்போது குரல் எழும்பவில்லை. ஒரு மாதம் பொறுத்தார். ஒரு நாள் மாட்டு வண்டியில் பெட்டியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். வண்டி எங்கள் லயத்தைத் தாண்டும்போது நான் குழாயடியில் நின்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். குடம் நிறைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேறு வாத்தியார் வரவில்லை. பெஞ்சு இரண்டும் ஆபீசுக்குப் போயிற்று. அந்த அறையில் உர மூட்டை அடுக்கினார்கள். நான் முழு நாளும் பால் காட்டுக்குப் போனேன், நாற்பது வருடம்.

அந்தப் புதர்க்காட்டில் இப்போது வீடுகள். ஓடையைக் குழாயில் விட்டு மேலே ரோடு போட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் கார் கழுவுகிறார்கள். வரிசையில் எனக்கு முன்னால் நடந்த ஐந்து பேரும் இல்லை. அந்தப் பக்கம் பெரியவரும் இல்லை என்கிறார்கள். குரங்கு கூட இல்லையாம். அந்தப் புத்தகத்தில் மொத்தம் எத்தனை பாடம் என்று எனக்குத் தெரியாது. நான் படித்தது ஒன்பது.