கண்ணாடியை நம்பாத கை

மாமாவுக்குப் பக்கவாதம் வந்தபோது அவர் கையில் கத்தரிக்கோல் இருந்தது. வாடிக்கையாளர் தலையில் பாதி வேலை பாக்கி. மீதியை அவருடைய கூட்டாளி வெட்டி முடித்தார். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் மாமா குழறிக் குழறிக் கேட்டது ஒன்றுதான்: "அந்தாளுக்கு ரெண்டு பக்கமும் சமமா வந்துச்சா?"

பேச்சும் நடையும் சீக்கிரம் திரும்பிவிட்டன. வலது கைதான் மக்கர் செய்தது. விரல்கள் மடங்கும், விரியாது. கத்தரிக்கோலைக் கொடுத்தால் இறுகப் பிடித்துக்கொள்வார். ஆனால் கட்டைவிரல் விலகினால்தானே அது வாய் திறக்கும்?

சலூனில் இரண்டே நாற்காலிகள். ஒன்று சும்மா கிடந்தது. கூட்டாளி வீட்டுக்கு வந்து, கொடுத்த டீயை ஆறவிட்டு, தரையைப் பார்த்தபடி சொன்னார்: "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. ஒருத்தர் வேலை கேட்டு வந்தாரு. உங்க நாற்காலிய..."

"மழைக்காலம் முடியட்டும்," என்றார் மாமா. "அதுக்குள்ள கை வரலேன்னா கொடுத்துடு."

பயிற்சிக்கு அழைத்துப்போவது என் வேலை. பிசியோதெரபிஸ்ட் அம்மா மேஜை நடுவே ஒரு கண்ணாடியை நிறுத்தி, மாமாவின் வலது கையை அதன் பின்னால் மறைத்துவிட்டார். "இடது கையை விரிச்சு மடக்குங்க. கண்ணாடிக்குள்ள பாருங்க, வலது கை அசையற மாதிரி தெரியும். மூளை அதை நம்பினா நிஜக் கையும் மெல்ல அசைய ஆரம்பிக்கலாம்."

பல வாரம் ஆகியும் பெரிய பலனில்லை. ஒருநாள் அந்த அம்மா கேட்டார்: "உள்ளே தெரியறது வலது கைன்னு தோணுதா, இல்லையா?"

"எப்படிம்மா தோணும்? அது இடது கையாச்சே! காலம் பூரா கண்ணாடியப் பார்த்துத்தான் முடி வெட்டறேன். அதுல எது தெரிஞ்சாலும் மனசு தானா திருப்பிப் போட்டுக்குது."

அவர் சிரித்துவிட்டார். "இதை நான் முதல்லயே கேட்டிருக்கணும். சரி, ஏமாத்தற வேலை வேண்டாம். கட்டைவிரல் லேசா அசையுதே, அதை வச்சே வேலை வாங்குவோம்."

அன்றிலிருந்து பகலில் சில மணி நேரம் மாமாவின் நல்ல கைக்குத் தடிமனான உறை. எல்லா வேலையும் வலது கைதான் செய்ய வேண்டும். துண்டு மடிப்பது, துணி கிளிப்பை அழுத்தி விடுவது, தண்ணீர் தெளிப்பது. "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல ஒரு துண்டு மடிச்சதில்ல, டாக்டர் சீட்டு இருந்தாத்தான் மடிப்பீங்க போல," என்றாள் அத்தை.

சலூனுக்கும் உறையோடு போனார். கூட்டாளி கேட்டார்: "என்ன அண்ணே, குத்துச்சண்டையா?"

"ஆமா. உக்காரு, முதல் குத்து உனக்குத்தான்."

எல்லா நாளும் இப்படி இல்லை. கிளிப் டப்பாவைத் தூக்கி எறிந்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்த நாள்களும் உண்டு. அத்தை கிளிப்புகளைப் பொறுக்கி வைப்பாள். மறுநாள் அவரே போய் டப்பாவை எடுப்பார்.

மழைக்காலம் முடிந்தது. வேலை கேட்டவர் தன் கத்தரிக்கோல்களைத் தோல் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். கூட்டாளி அவரைப் பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, தானே போய் மாமாவின் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பின்கழுத்துல கொஞ்சம் ஒதுக்கி விடுங்க, அண்ணே."

மாமா உறையைக் கழற்றி இடது கையில் சீப்பை எடுத்தார். கத்தரிக்கோல் திறக்க நேரமானது. திறந்தது. ஒரு கீற்று முடி விழுந்தது. நின்றார், மூச்சு விட்டார், மறுபடி திறந்தார். நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் மட்டும் விட்டு விட்டுக் கேட்டது.

கூட்டாளி கழுத்தைத் தடவிப் பார்த்தார். "கோணலா இருக்கே."

"உன் கழுத்தே கோணல்."

கூட்டாளி எழுந்து முடியைத் தட்டிவிட்டு, பெஞ்சில் இருந்தவரிடம் சொன்னார்: "கொஞ்சம் எழுந்திரிங்க. இந்தப் பெஞ்சை வெளியே போட்டா மூணாவது நாற்காலிக்கு இடம் வரும்."

இருவரும் ஆளுக்கொரு முனையைத் தூக்கினார்கள். மாமா கத்தரிக்கோலோடு அப்படியே நின்றார். விரல்கள் இறுகிக்கொண்டு விட மறுத்தன.

"கொஞ்சம் எடுத்து விடும்மா," என்றார் என்னிடம், சிரிப்பை அடக்க முடியாமல்.